மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும்: ஃப்ளை ராடோடு தனியாகப் போய்ப் படம் எடுப்பது

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கெண்டையைக் கொன்றேன். குழம்புக்காக இல்லை, போட்டோவுக்காக.

ஆற்றில் நான் மட்டும்தான் இருந்தேன். என் உள்ளங்கை அகல மீன், செதில் ஒவ்வொன்றும் புதுக் காசு மாதிரி மின்னியது. போனைப் பாறையில் சாய்த்து, பத்து நொடி டைமர் வைத்து, ஓடிவந்து மீனைத் தூக்கினேன். போன் சரிந்துவிட்டது. மறுபடி வைத்தேன். இந்தத் தடவை என் தலை வெட்டுப்பட்டது. மூன்றாவதில் மீன் துள்ளி மணலில் விழுந்தது. நாலாவது படம் நன்றாக வந்தது. தண்ணீரில் விட்டதும் மீன் ஒருக்களித்து, வெள்ளை வயிறு மேலே தெரிய, நீரோட்டத்தோடு போனது. பின்னாலேயே இடுப்பளவு தண்ணீர் வரை போய்ப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தேன். எழும்பவில்லை. அந்த நாலாவது படத்தை வீட்டுக்கு வந்ததும் அழித்துவிட்டேன்.

இங்கே சொல்லப்போவது முழுக்க அந்த நாலு நிமிஷத்திலிருந்து நான் கற்றுக்கொண்டதுதான். மீன் கையில் வந்த பிறகு கேமராவைத் தேடக் கூடாது. படம் எடுக்கிற வேலை எல்லாம் முதல் வீச்சுக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம் வீரவநல்லூரில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, காலை ஐந்தரைக்குத் தாமிரபரணி ஆற்றில் இருப்பேன். ஃப்ளை என்பது முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சி. நாட்டுச் சேவலின் கழுத்து இறகை வைத்து, கடையில் மிஞ்சும் மெல்லிய செம்புக் கம்பியை உடம்பில் இடைவெளி விட்டுச் சுற்றி நானே கட்டிக்கொள்கிறேன். அந்தப் பூச்சிக்கு எடையே கிடையாது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே தடித்த லைனின் எடைதான் பூச்சியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதனால்தான் லைன் பின்னாலும் முன்னாலும் போய்க் காற்றில் வளைந்து விரிகிறது. இந்த வளைவைப் படத்தில் கொண்டுவருவதுதான் ஃப்ளை போடுகிறவர்களின் ஆசை, அதுதான் கஷ்டமும்.

முதலில் இடம். காரையாறு, முண்டந்துறைப் பக்கம் ராடைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், உள்ளே மீன் பிடிக்கக் கூடாது. பாபநாசம் கோயில் படித்துறை மீன்களுக்கு சனங்கள் பொரி போடுகிறார்கள். அந்த மீனைப் படம் எடுங்கள், பிடிக்க நினைக்க வேண்டாம். குளங்களில் மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விட்டிருக்கும், குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். ஆற்றிலும் அந்தந்த ஊரில் விசாரித்துக்கொள்வதுதான் முறை.

படித்துறை விஷயத்தை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம்மூர் ஆற்றில் காலை நேரம் என்றால் குளிக்கிறவர்களும் துவைக்கிறவர்களும் இருப்பார்கள். ஒருநாள் படித்துறைக்கு எண்பது அடி கீழே ட்ரைபாடை நட்டிவிட்டு வீசிக்கொண்டிருந்தேன். ஈரச் சேலையோடு ஒரு ஆச்சி நடந்து வந்தார்.

"எய்யா, பொம்பளைய குளிக்க இடத்துல பொட்டிய நட்டி வச்சிருக்கியே, நல்லாவா இருக்கு?"

"மீனுக்குத்தான் ஆச்சி வச்சிருக்கேன்."

"மீனுக்கு வச்சாலும் அது கண்ணு எங்களைத்தான பாக்கு?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. லென்ஸ் அகலமானது, நான் நினைத்ததைவிட மும்மடங்கு இடம் அதில் விழுந்திருந்தது. அங்கேயே அந்தப் பதிவை அவர் கண் முன்னால் அழித்தேன். அன்றிலிருந்து படித்துறை கண்ணில் படுகிற இடத்தில் கேமராவை வெளியே எடுப்பதே இல்லை. ஒரு வளைவு தாண்டிப் போங்கள். எதிர்க்கரையையும் பாருங்கள், அங்கேயும் படித்துறை இருக்கும். ஆளில்லாத கரையில் வைத்தாலும் ஓடுகிற கேமரா பக்கம் யாராவது வந்தால், முதலில் அதை மூடிவிட்டுப் பிறகு பேசுங்கள்.

எந்தக் கரையில் நிற்பது? நான் தென்கரை ஆள். காரணம் இருக்கிறது. தாமிரபரணி எங்கள் பக்கம் மேற்கேயிருந்து கிழக்கே ஓடுகிறது. தென்கரையிலிருந்து வடக்கே பார்த்துக் கேமரா வைத்தால் தண்ணீர் படத்தில் இடமிருந்து வலமாகப் போகும். நாள் முழுக்க அதே கரையில் எடுத்தால், எந்தத் துண்டை எதோடு சேர்த்தாலும் ஆறு ஒரே திசையில் ஓடும். நடுவில் வடகரைக்குப் போய் நாலு காட்சி எடுத்துச் சேர்த்தால் ஆறு திடீரென்று திரும்பி ஓடுவது போலத் தெரியும். பார்க்கிறவருக்கு ஏனென்று தெரியாமலே குழம்பும். இன்னொன்று, காலை வெயில் கிழக்கே, அதாவது வலது பக்கத்திலிருந்து விழும். முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல். முகத்துக்கு உயிர் கொடுப்பது அந்த நிழல்தான்.

ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற காற்றுக்கும் தென்கரைதான் வசதி. வடக்கே பார்த்து வீசுகிற வலதுகைக்காரருக்குக் காற்று இடது பக்கத்திலிருந்து வருவதால், முள் உடம்பை விட்டு விலகியே போகும். வடகரையில் நின்றால் அதே காற்று முள்ளைக் காதுப் பக்கம் கொண்டுவரும். கேமராவைப் பார்த்துக்கொண்டே வீசுகிறபோது இது ரொம்ப முக்கியம். கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் வீசாதீர்கள்.

வெளிச்சம் நல்லது ஆறரையிலிருந்து எட்டரை வரை. அப்புறம் சாயங்காலம் நாலரைக்கு மேல், பொதிகைக்குப் பின்னால் சூரியன் இறங்கும் வரை. சித்திரை பிறக்கிற சமயத்திலும் ஆவணி நடுவிலும் நம்மூரில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். தொப்பி நிழல் முகத்தை விழுங்கிவிடும், தண்ணீர் வெறும் வெள்ளையாகத் தெரியும். கோடையில் பகலில் மீன் பிடிக்காமல் இருப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் உண்டு. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, போராடிக் களைத்த மீன் மீள்வது கஷ்டம். பத்து மணிக்கு ராடை மடக்கிவிடுங்கள்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். ஒரு ட்ரைபாட், அதில் போனோ சின்னக் கேமராவோ. நெஞ்சில் கட்டிக்கொள்ள ஒரு ஆக்‌ஷன் கேமரா. லென்ஸில் மாட்ட ஒரு போலரைசர். வேகமான 128 ஜிபி கார்டு இரண்டு, பேட்டரி மூன்று. தொப்பியில் கேமரா மாட்டிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. தலை எவ்வளவு ஆடுகிறது என்பது நமக்கே தெரிவதில்லை. நெஞ்சுக் கேமராவில் முகம் வராது. ஆனால் லைனை இழுக்கிற கை, ராட் வளைகிற வளைவு, மீனை வாங்குகிற வலை எல்லாம் அதில்தான் ஒழுங்காகக் கிடைக்கும். வெயிலில் அசையாமல் ட்ரைபாடில் நிற்கிற ஆக்‌ஷன் கேமரா சூடாகி நின்றுபோகும், அதனால் அதை உடம்பிலேயே வைத்திருங்கள்.

போன் கேமராவாக இருந்தால், பேசுவதற்கு வேறொரு பட்டன் போன் சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கட்டும். தனியாகப் போகிறவர் கையில் இருக்கிற ஒரே போனின் பேட்டரியை வீடியோவில் தீர்த்துவிடக் கூடாது. எந்த ஊர், எந்தத் துறைக்குக் கீழே என்பதை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

போலரைசர் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் மேல் இருக்கிற வானத்தின் பளபளப்பை வெட்டி அடியில் இருக்கிற கல்லையும் மீனையும் காட்டும். நேர் கீழே பார்த்தாலும் தூரத்தில் கிடைமட்டமாகப் பார்த்தாலும் அது வேலை செய்யாது. தண்ணீர்ப் பரப்போடு ஏறக்குறைய 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போதுதான் முழுசாக வெட்டும். நின்றபடி, ஏழு அடி தள்ளி இருக்கிற தண்ணீரைப் பார்க்கிற பார்வை என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தைப் பையச் சுற்றுங்கள், கல் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். வெளிச்சத்தில் பாதியையாவது தின்றுவிடும், அதனால் விடிகாலை மங்கலில் கழற்றிவிடுங்கள்.

இனி காற்றில் விரிகிற அந்த லைன் வளைவுக்கு வருவோம். முதல் வருஷம் நான் எடுத்த எதிலும் லைனே தெரியவில்லை. ஒரு ஆள் தண்ணீரில் நின்று குச்சியை ஆட்டுவது மட்டும்தான் இருந்தது. பின்னால் வானம் இருந்தால் லைன் வானத்தில் கரைந்துவிடும். லைன் தெரிய இரண்டு வேண்டும்: பின்னால் இருட்டு, லைன் மேல் வெளிச்சம். எங்கள் பக்கத்தில் கரை ஓரமாக ஒரு மருத மரத்தோப்பு இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அதன் அடி முழுக்கக் கரு நிழல், அதே நேரம் ஆற்றின் நடுவில் வெயில். கேமராவைக் கிழக்கே கொஞ்சம் திருப்பி, சூரியன் படச் சட்டத்துக்குள் வராமல், மரத்தின் நிழல் மட்டும் பின்னால் விழும்படி வைத்தேன். வெயிலில் நின்று வீசினேன். லைன் பழுத்த கம்பி மாதிரி எரிந்தது. பின்வீச்சில் தெறிக்கிற நீர்த்துளிகள்கூட ஒன்றொன்றாகத் தெரிந்தன. அந்த லைன் ஆரஞ்சு நிறம். பச்சை, பழுப்பு லைன் வைத்திருக்கிறவர்கள் படத்துக்காகவாவது ஒரு ஆரஞ்சோ மஞ்சளோ வாங்கலாம். மீனிடம் போவது நுனியில் இருக்கிற மெல்லிய நிறமில்லா நரம்புதானே.

இதை நொடிக்கு 120 ஃப்ரேமில், அதாவது நொடிக்கு 120 தனிப்படமாக எடுங்கள். 30-இல் ஓட்டினால் நாலு மடங்கு மெதுவாகும், இரண்டு நொடி வீச்சு எட்டு நொடி ஓடும். அதற்கு மேல் இழுத்தால் அலுத்துவிடும். கேமரா பக்கவாட்டில், நம் தோள் உயரத்தில், முப்பது அடி தள்ளி. நாம் சட்டத்தின் நடுவில் நிற்க வேண்டாம். பின்வீச்சு விரிய முதுகுப் பக்கம் நிறைய இடம் விடுங்கள். அந்தப் பக்கம் உடைமரம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், முள்ளில் மாட்டினால் பூச்சி போச்சு. வீச்சுக் காட்சியை மீன் பிடிக்கிறபோது எடுக்க முயல வேண்டாம். முள் இல்லாமல், நுனியில் ஒரு கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் வீச்சை மட்டும் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு பூச்சியைக் கட்டி உண்மையாக மீன் தேடப் போங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் செய்தால் இரண்டும் கெடும்.

மீன் காட்சிக்கு முன்கூட்டியே ஒரு இடம் தயார் செய்யுங்கள். நான் செய்வது இது. முழங்கால் அளவு தண்ணீர், நீரோட்டம் மெதுவாக, அடியில் மணல் இருக்கிற இடத்தில் ஒரு குச்சியை நடுவேன். கரையில் ட்ரைபாடை ஒரு கால் மடக்கி, என் இடுப்பு உயரத்துக்கும் கீழே வைப்பேன். திரையில் தெரிகிற குச்சியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுவேன். வெளிச்சத்தை ஒரு படி குறைத்தே பூட்டுங்கள், கெண்டைச் செதில் கண்ணாடி மாதிரி, கொஞ்சம் கூடினாலும் வெள்ளைத் திட்டாகிவிடும். பிறகு 4கே வீடியோவை ஓடவிட்டு வீசப் போவேன். நொடிக்கு ஐந்நூறில் ஒரு பங்கு ஷட்டர் வைத்தால் அந்த வீடியோவிலிருந்தே தெளிவான போட்டோ பிரித்துக்கொள்ளலாம். ஒரு ஃப்ரேமுக்கு எண்பது லட்சம் பிக்ஸல், பன்னிரண்டு அங்குல அகலத்துக்குத் தாராளமாக அச்சடிக்கலாம். டைமர் வேண்டாம், ரிமோட் வேண்டாம், ஓட்டம் வேண்டாம். வீடியோவே போட்டோவும்.

கார்டு நிறைந்துவிடுமே என்பீர்கள். வினாடிக்கு 60 மெகாபிட் என்று எடுத்தால் நிமிஷத்துக்கு 450 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 27 ஜிபி. இரண்டு கார்டில் ஒரு காலைப்பொழுது அடங்கிவிடும். கோப்ரோ ஆக்‌ஷன் கேமராவில் 9-ஆம் மாடலிலிருந்து ஒரு வசதி இருக்கிறது. பட்டனை அமுக்குவதற்கு முந்தைய 15 அல்லது 30 நொடியையும் சேர்த்துச் சேமிக்கும். மீன் கடித்த பிறகு அமுக்கினாலும் கடித்த கணம் கிடைத்துவிடும். நெஞ்சுக் கேமராவில் இதை நம்பியே பதிவை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கிற சின்ன செதுக்கை நோஸ் பிளேயரால் நசுக்கிவிடுங்கள். மீன் மாட்டியதும் குச்சி இருக்கிற இடத்துக்கு அழைத்து வந்து, தண்ணீருக்குள்ளேயே ரப்பர் கைவலையில் வாங்குங்கள். முடிச்சுப் போட்ட நைலான் வலை மேல்வழுவழுப்பை உரித்துவிடும். முட்டி போடுங்கள். ராடை அக்குளில் இடுக்குங்கள். இரண்டு கையையும் நனையுங்கள், காய்ந்த கை மீனுக்கு நெருப்பு. வலைக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள். முள் வெளியே வந்த பிறகு ஒருமுறை மீனின் செவுள் திறந்து மூடுவதைப் பாருங்கள், ஒழுங்காக மூச்சு வாங்கினால் மட்டும் அடுத்த வேலை. வயிற்றுக்குக் கீழே ஒரு கை, வாலடியில் ஒரு கை, சொட்டச் சொட்டத் தூக்குங்கள். ஒன்று, இரண்டு, மூன்று. இறக்குங்கள். மூன்று நொடியில் தொண்ணூறு ஃப்ரேம். அதில் ஒன்று நன்றாக இருக்கும். செதிலை வானத்துக்குக் காட்டாமல் கொஞ்சம் தண்ணீர்ப் பக்கம் சாய்த்தால் பச்சையும் பொன்னுமாக அதன் சொந்த நிறம் வரும். கையை நீட்டி மீனைக் கேமராவிடம் கொடுக்காதீர்கள். என் பார்வையில் அது பொய்ச் சாட்சி. மீன் அதன் அளவிலேயே இருக்கட்டும்.

இன்னும் சொல்லப்போனால், எனக்குப் பிடித்த படங்களில் பாதிக்கு மேல் தூக்கவே தூக்காதவை. வலை ஓரத்தில், பாதி தண்ணீருக்குள், ஒரு கண்ணும் முதுகுத் துடுப்பும் மட்டும். கலங்கல் இல்லாத மாசத்தில் நெஞ்சுக் கேமராவைக் கழற்றித் தண்ணீருக்குள் வைத்து, மீன் கையை விட்டுப் போவதைப் பின்னாலிருந்து எடுத்துப் பாருங்கள்.

விராலை ஒரு விஷயத்தில் தனியாகச் சொல்ல வேண்டும். அது காற்றையும் மூச்சு வாங்குகிற மீன். அதனால் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து போகும். அமலைச் செடி (ஆகாயத்தாமரை) ஓரத்தில் பதுங்கி உட்கார்ந்து அதை மட்டும் எடுத்தாலே அருமையான காட்சி. செம்புநிறக் குஞ்சுகள் ஒரு கூட்டமாக மேலே துடித்துக்கொண்டிருந்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று அர்த்தம். ராடைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவை மட்டும் எடுங்கள்.

தண்ணீர் ஏறுவதைப் பற்றி. மேலே அணையில் திறந்தால் மழையே இல்லாமலும் ஆறு ஏறும். ஒருமுறை மீனில் கவனமாக இருந்து திரும்பிப் பார்க்கையில் ட்ரைபாடின் மூன்று காலும் தண்ணீருக்குள் நின்றன. நான் எட்டுவதற்குள் சாய்ந்து போய்விட்டது. இப்போது வந்தவுடன் நீர்விளிம்பில் ஒரு வெள்ளைக் கல்லை வைக்கிறேன். ஒவ்வொரு பத்து நிமிஷமும் பார்ப்பேன். கல் நனைந்தால், சருகும் நுரையும் மிதந்து வந்தால், தெளிந்த தண்ணீர் நிறம் மாறினால், கேமரா உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிடுவேன். ட்ரைபாடை எப்போதும் கரைப் பக்கம் வையுங்கள், நமக்கும் கரைக்கும் நடுவில். பையில் கல்லைப் போட்டு நடுத்தண்டில் தொங்கவிடுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாது, குச்சியால் தட்டிப் பார்க்காமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு எனக்குப் பழக்கமான ஆழமான கசம் ஒன்று மேடாகிவிட்டது, மேடாக இருந்த இடம் ஆள் ஆழம். போன வருஷ வீடியோவைப் பார்த்துவிட்டு அதே தைரியத்தில் இறங்கக் கூடாது.

சத்தத்துக்கு வருகிறேன். ஆடிக் காற்றில் மைக் வெறும் படபடப்பைத்தான் பிடிக்கும். மைக் ஓட்டைமேல் ரோமத் துணித் துண்டை ஒட்டினால் பாதி அடங்கும். மீதிக்கு, காற்று மறைவான இடத்தில் உட்கார்ந்து, ராடைத் தொடாமல், வாயைத் திறக்காமல், ஒரு முழு நிமிஷம் ஆற்றின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். கன்னடியன் அணைக்கட்டுப் பக்கத்து இரைச்சல் வேறு, நாணலுக்குள் தண்ணீர் போகிற சத்தம் வேறு. இடத்துக்கு ஒரு நிமிஷம் இருந்தால் எடிட்டிங்கில் எல்லா வெட்டுக்கும் அடியில் போர்த்திவிடலாம். மார்கழியில் ஒரு தொல்லை உண்டு. விடிகாலையில் கோயில் ஒலிபெருக்கிப் பாட்டு ஆற்றுக்கு மேல் தெளிவாக வரும். அது இணையத்தில் ஏற்றும்போது காப்புரிமை என்று மாட்டிக்கொள்ளும். பாட்டு நின்ற பிறகு எடுத்த நிமிஷத்தை அங்கே போடுங்கள்.

எடிட்டிங்கில் அதிகம் சொல்ல எனக்கு இல்லை. மூன்று மணி நேரத்தை ஆறு நிமிஷமாக்குங்கள். நடந்து வருவது, முடிச்சுப் போடுகிற விரல், வீச்சு, காத்திருப்பு, மீன். முடிச்சுப் போடுகிற விரலைக் கட்டாயம் நெருக்கத்தில் எடுங்கள், அதை வீட்டு வாசலில் உட்கார்ந்து எடுத்தாலும் தப்பில்லை, சட்டையும் வெளிச்சமும் ஒத்துப்போனால் போதும். மீன் கிடைக்காத நாளையும் படமாக்குங்கள். எனக்கு நாலு ஞாயிற்றுக்கிழமையில் ஒன்று அப்படித்தான்.

கிளம்பும்போது அறுந்த நரம்புத் துண்டு, முள், உறை எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போடுங்கள். கொக்கின் காலில் சுற்றிய நரம்பை நான் அவிழ்த்திருக்கிறேன், அந்தக் கால் வீங்கியிருந்தது. பிறகு ட்ரைபாடைக் கடைசியாக ஒரு தடவை வைத்து, காலையில் முதல் காட்சி எடுத்த அதே இடத்திலிருந்து, ஆளில்லாத தண்ணீரை முப்பது நொடி எடுங்கள். குச்சியைப் பிடுங்கிவிட்டு எடுங்கள்.